சாவ்ஷான் மாட்டிறைச்சி ஹாட்பாட்: கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

கார்முகில் (குவாங்ஜோ) எழுதியது:

மேசையில் கொதிக்கும் சூப்பில் இறைச்சியையும் காயையும் முக்கி எடுத்துச் சாப்பிடும் ஹாட்பாட் என்றாலே எண்ணெய், உப்பு, கொலஸ்ட்ரால் என்று நம்மவர்கள் ஒரேயடியாக ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. சீனாவில் ஹாட்பாட் என்பது ஒரே ஓர் உணவு அன்று. ஊருக்கு ஊர் சட்டி வேறு, சூப் வேறு, தொட்டுக்கொள்வது வேறு. நான் பேச விரும்புவது சாவ்ஷான் மாட்டிறைச்சி ஹாட்பாட்டைப் பற்றி.

குவாங்டொங் மாகாணத்தின் கிழக்குக் கோடியில் சாந்தோவ், சாவ்ஜோ, ஜியேயாங் என்று மூன்று நகரங்கள் இருக்கின்றன. அந்த வட்டாரம்தான் சாவ்ஷான். அங்கே மாட்டிறைச்சியை உறையவைப்பதில்லை. அன்றைக்கு வெட்டிய மாடு சில மணி நேரத்தில் மேசைக்கு வந்துவிடும். கடை வாசலிலேயே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கறி வெட்டுபவர் நிற்பார். தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்காக, கையாலேயே மெல்லிய வில்லைகளாக வெட்டித் தட்டில் விசிறிபோல் அடுக்குவார். சிலர் தட்டைக் கவிழ்த்துக் காட்டுவார்கள், ஒரு வில்லைகூடக் கீழே விழாது. தண்ணீர் ஏற்றாத, உறைந்து உருகாத இறைச்சி என்பதற்கு அதுதான் அடையாளம் என்பார்கள்.

சட்டியில் என்ன இருக்கிறது? எலும்பு வேகவைத்த தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, இரண்டு மூன்று சோளத் துண்டுகள். சில கடைகளில் பாகற்காயும் போடுவார்கள். எண்ணெய் ஊற்றுவதில்லை, மிளகாய் இல்லை, மாவு இல்லை. வறுப்பதோ பொரிப்பதோ கிடையாது. கொழுப்பில்லாத மாட்டிறைச்சி 100 கிராமில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதோடு இரும்பு, துத்தநாகம், பி12. இதைவிடச் சுத்தமாக ஓர் இறைச்சியைச் சமைக்க முடியுமா?

ஊட்டச்சத்துத் துறையில் இருப்பவர்கள் யாராவது இதை ஆதாரத்தோடு அலச வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மருதநிலா (சிங்கப்பூர்) எழுதியது:

மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். இங்கே தியோச்சூ மக்கள் அதிகம். அவர்களுடைய முன்னோர் வந்தது நீங்கள் சொல்லும் அதே சாவ்ஷானிலிருந்துதான். எனவே இந்தச் சட்டியைப் பற்றி நோயாளிகளிடம் அடிக்கடி பேசுகிறேன்.

கார்முகில், சமைக்கும் முறையைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். தீயில் நேரடியாகச் சுடும்போது இறைச்சியின் மேற்பரப்பில் உண்டாகும் தீங்கான சேர்மங்கள் நீரில் வேகவைக்கும்போது மிகக் குறைவாகவே உண்டாகின்றன. பத்து விநாடி வெந்நீரில் முக்கி எடுப்பதால் பி வகை வைட்டமின்களும் பெருமளவு இறைச்சியிலேயே தங்கிவிடுகின்றன. மணிக்கணக்கில் கொதிக்கும் குழம்புக்கு இந்த நன்மை இல்லை.

ஆனால் "மாட்டிறைச்சி" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. அந்தக் கடைகளில் ஒரே மாட்டைப் பத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் பிரித்துத் தருகிறார்கள். தோள்பட்டைத் தசையின் நடுவில் ஒரு நரம்புக் கோடு ஓடுமே, அது ச்சிபிங். கொழுப்பு குறைவு. கால் தசையான வூஹுவாஜியும் அப்படித்தான். குறுக்கே வெட்டினால் பூப்போல நரம்புகள் தெரியும், கடிக்க நறுக்கென்று இருக்கும். முதுகெலும்பை ஒட்டிய தியாவ்லோங்கில் கொழுப்பு ஓரம் கட்டியிருக்கும். கழுத்துப் பகுதியான போரென் பளிங்குக்கல் மாதிரி வெள்ளை வரி ஓடியது, விலையும் அதிகம். கடைசியில் ஷியோங்கோவ்லாவ் என்று இளமஞ்சளாக ஒன்று வரும். நெஞ்சுப் பகுதிக் கொழுப்பு அது. மற்ற வில்லைகள் சில விநாடியில் வெந்துவிடும். இதைச் சில நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கொதித்தாலும் கரையாது, மொறுமொறுவென்று கடிபடும். பெயரில் இறைச்சி என்றாலும் சாப்பிடுவது பெரும்பாலும் கொழுப்பு.

ஆக, கொழுப்பு குறைந்த தசையில் 100 கிராமுக்கு 2 முதல் 5 கிராம் கொழுப்பு என்றால், வரி ஓடிய துண்டில் அது பல மடங்கு. மேசையில் எந்தத் தட்டுகள் வந்தன என்று தெரியாமல் இந்தச் சாப்பாட்டுக்கு மதிப்பெண் போட முடியாது.

அடுத்தது தொட்டுக்கொள்வது. சாவ்ஷானில் சாச்சா சாஸ் இல்லாமல் இந்தச் சட்டி இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் சாத்தே மசாலாவைத் தாயகம் திரும்பியவர்கள் கொண்டுபோய், உள்ளூர்க் கைப்பக்குவத்தில் மாற்றிக்கொண்டது அது. நிலக்கடலை, காய்ந்த இறால், காய்ந்த தட்டைமீன், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் எண்ணெயில் வதங்கியிருக்கும். ருசிக்குக் குறையில்லை. அதில் ஒரு கிண்ணம் காலியானால், சட்டியில் ஊற்றாத எண்ணெயெல்லாம் வயிற்றுக்குள் போய்விட்டது என்று பொருள். கடலைக்கோ இறாலுக்கோ ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

செந்தழல் (செங்டு) எழுதியது:

வணக்கம் அக்கா. நான் இங்கே மருத்துவம் படிக்கிறேன். சாவ்ஷான் சட்டியை எல்லாரும் புகழ்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் மிளகாயும் மாட்டுக்கொழுப்பும் மிதக்கும் சிவப்புச் சட்டியைப் பேசாமல் மாட்டிறைச்சி ஹாட்பாட் பற்றிய பேச்சு முடிந்ததாகாது. தென்மேற்குச் சீனாவின் சோங்சிங் நகரத்துச் சட்டியில் மாடு இரண்டு விதமாக இருக்கிறது. சூப்பிலேயே மாட்டுக்கொழுப்பு, அதில் முக்கி எடுப்பதும் மாட்டின் உறுப்புகள்.

யாங்சியும் ஜியாலிங்கும் கூடும் ஆற்றங்கரையில் படகுக்காரர்களும் சுமை தூக்குபவர்களும், கசாப்புக்கடையில் மலிவாகக் கிடைத்த குடலையும் இரைப்பையையும் காரமான சட்டியில் போட்டுத் தின்றதிலிருந்து இது வளர்ந்தது என்று சொல்வார்கள். இன்றைக்கும் இங்கே முதல் மரியாதை இரைப்பைக்குத்தான். புத்தகத்தின் பக்கங்களைப்போல ஏடேடாக இருக்கும் அதைச் சாப்ஸ்டிக்கால் பிடித்து, ஏழு முறை மேலே எட்டு முறை கீழே என்று ஆட்டி எடுப்பார்கள். பதினைந்து விநாடிக்கு மேல் போனால் ரப்பர்.

ஊட்டச்சத்துக் கணக்கிலும் இரைப்பை மோசமில்லை. 100 கிராமில் 12 கிராம் அளவுக்குப் புரதம், கொழுப்பு குறைவு, கலோரி 90-ஐத் தாண்டுவதில்லை. உழைப்பாளிகள் பெரிய துண்டுகள் வாங்க முடியாத நிலையில் புரதத்தைக் கண்டுபிடித்துக்கொண்ட வழி இது. அதை "ஆரோக்கியமற்ற உணவு" என்று ஒரு வரியில் முடிப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்று. ஒன்பது கட்டம் போட்ட சட்டி பார்த்திருப்பீர்கள். நடுக்கட்டம்தான் தளதளவென்று கொதிக்கும், இரைப்பைக்கு அது. மூலைக் கட்டங்களில் கொதி அடங்கியிருக்கும், உறைந்த இரத்தமும் மூளையும் அங்கே மெல்ல வேகும். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சூடு. இங்கே யாரும் சிவப்பு சூப்பைக் குடிப்பதில்லை. எண்ணெய் வடியவிட்டுத்தான் சாப்பிடுகிறோம்.

மருதநிலா (சிங்கப்பூர்) எழுதியது:

தம்பி, இரைப்பையைப் பற்றிச் சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 100 கிராம் இரைப்பையில் கொலஸ்ட்ரால் 120 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது அது முங்கி எழும் சாறுதான்.

சோங்சிங் சட்டிக்கான மாட்டுக்கொழுப்பு செங்கல் மாதிரிக் கட்டியாகக் கடையில் விற்கிறது. சாதாரண அறை வெப்பத்தில் அது உருகாது. அதில் கிட்டத்தட்டப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஒரு கரண்டி சிவப்பு எண்ணெயை உங்கள் கிண்ணத்தில் விட்டுச் சற்றுநேரம் பாருங்கள். ஓரத்தில் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் ஆடை கட்டி, பிறகு மெழுகாக இறுகும். விரலால் சுரண்டி எடுக்கலாம்.

வடியவிட்டுச் சாப்பிடுவது இறைச்சிக்குப் பொருந்தும். வழவழப்பான வில்லையில் எண்ணெய் அதிகம் ஒட்டாது. கீரையைப் போட்டால்? இலை மடிப்பு ஒவ்வொன்றிலும் எண்ணெய் தங்கிக்கொள்ளும். சோயாப் பால் ஏடு, உறையவைத்த டோஃபு, மெல்லிய காளான் எல்லாம் எண்ணெயைக் குடித்துவிடும். சிவப்புச் சட்டியில் மிக அதிகக் கொழுப்பைச் சுமந்து வருவது மாட்டிறைச்சி அன்று, காய்கறிதான். பக்கத்துத் தெளிந்த சூப்பில் காயைப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நடுவில் தடுப்பு வைத்த இரட்டைச் சட்டி பல கடைகளில் இருக்கிறதே.

சோங்சிங்கை ஒட்டிய சிச்சுவான் மாகாணத்தில் தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயும் நசுக்கிய பூண்டும் கலந்த கிண்ணம் தருவார்கள். கொதிக்கும் துண்டைக் கொஞ்சம் ஆற்றித் தரும் என்பது அதன் பயன். ஆனால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. சீன உணவு வழிகாட்டி 2022 ஒரு நாள் முழுவதற்கும் பரிந்துரைக்கும் சமையல் எண்ணெயே 25 முதல் 30 கிராம்தான். அந்த ஒரு கிண்ணத்திலேயே அது முடிந்துவிடுகிறது.

ஆற்றங்கரை எழுதியது:

எனக்கு யூரிக் அமிலம் அதிகம். கால் கட்டைவிரல் வீங்கி ஒருமுறை படுத்த படுக்கையாகிவிட்டேன். வேலை நிமித்தமாக ஷென்ஜெனுக்குப் போய்வருகிறேன். சாவ்ஷான் சட்டி தெளிவாகத்தானே இருக்கிறது, அந்த சூப்பைக் குடிக்கலாமா? எலும்பு சூப் மூட்டுக்கு நல்லது என்று உடன் வேலை செய்பவர்கள் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

மருதநிலா (சிங்கப்பூர்) எழுதியது:

ஐயா, உங்களுக்கு வேண்டாம். அழுத்தமாகவே சொல்கிறேன்.

யூரிக் அமிலத்துக்கு மூலமான பியூரின் நீரில் கரையும். இறைச்சி வேக வேக அதில் ஒரு பங்கு சூப்புக்கு இறங்கிவிடும். ஒரு மேசையில் ஐந்தாறு பேர் தட்டுத் தட்டாக முக்கி எடுத்தபின் மிஞ்சுவது எல்லாருடைய இறைச்சியிலிருந்தும் இறங்கிய பியூரினும் உப்பும் சேர்ந்த நீர். பார்வைக்குத் தெளிவாக இருப்பது ஒரு பொருட்டே அன்று. கவுட் என்னும் இந்த மூட்டுவீக்க நோய் உள்ளவர்கள் அதைக் குடித்தால் ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். கூடவே பீர் வேறு வந்தால் சொல்லவே வேண்டாம். வீக்கம் இருக்கும் நாள்களில் சட்டியின் பக்கமே போகாதீர்கள். அடங்கியிருக்கும் காலத்தில் உங்கள் மருத்துவர் அனுமதித்தால், கொழுப்பில்லாத சில வில்லைகள், நிறைய காய், தண்ணீர் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரல், சிறுநீரகம் போன்றவை கூடவே கூடாது.

எலும்பு சூப்பால் மூட்டு வலுப்படும் என்பது ஆசைப்பேச்சு. எலும்பிலிருந்து கால்சியம் சூப்பில் இறங்குவது மிகச் சொற்பம். நரம்பும் தசைநாரும் தரும் கொலாஜன் புரதம்தான், ஆனால் முழுமையற்ற புரதம். டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் அதில் இல்லை. உடல் அதைச் செரித்துத் துண்டுகளாக்கித் தனக்கு வேண்டிய இடத்துக்கு எடுத்துக்கொள்ளும். நேராக மூட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது.

கார்முகில் (குவாங்ஜோ) எழுதியது:

அக்கா, இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாவ்ஷான்காரர்கள் சூப்பைக் கடைசியில் குடிப்பதில்லை. முதலில் குடிக்கிறார்கள். சட்டி கொதித்ததும், ஒரு துண்டு இறைச்சிகூட உள்ளே இறங்குவதற்கு முன், சின்னக் கிண்ணத்தில் பொடியாக நறுக்கிய சீன செலரித் தண்டைப் போட்டு அதன்மேல் சூப்பை ஊற்றித் தருவார்கள். அதன் பிறகு இறைச்சி. கொழுப்பில்லாத துண்டு முதலில், கொழுப்புள்ளது பின்னால். காய், இறுதியில் குவெய்தியாவ் என்கிற அரிசி நூடுல்ஸ். கவுட் இல்லாதவர்களுக்கு இந்த ஒழுங்கே பாதுகாப்பு. ருசிக்காகத் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம், சத்துக் கணக்கோடும் ஒத்துப்போகிறது.

முக்கி எடுப்பதற்கும் முறை உண்டு. துளைக்கரண்டியில் ஒருவர் பங்கை வைத்து, கொதி அடங்கிய சூப்பில் மூன்று முறை இறக்கி ஏற்றுவார்கள். சிவப்பு மறைந்து, ஓரம் சுருண்டு, மேலே நீர் முத்து முத்தாகத் துளிர்க்கும்போது எடுத்துவிட வேண்டும். சட்டியில் மொத்தமாகக் கொட்டிக் கொதிக்கவிட்டால் இறைச்சியும் பாழ், சூப்பும் கலங்கிவிடும்.

பொன்னி எழுதியது:

எனக்கு ஹீமோகுளோபின் எப்போதும் குறைவு. மாத்திரை ஒத்துக்கொள்வதில்லை. இப்படி வேகவைத்த மாட்டிறைச்சி உதவுமா?

மருதநிலா (சிங்கப்பூர்) எழுதியது:

உதவும் பொன்னி. இந்தச் சட்டியைப் பற்றி நான் மனமாரப் புகழ்ந்து சொல்லக்கூடியதும் இதுதான்.

100 கிராம் மாட்டிறைச்சியில் 2 முதல் 3 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. எண்ணிக்கை சிறிதாகத் தெரியலாம். ஆனால் அதில் ஒரு பெரிய பங்கு ஹீம் வகை இரும்பு, அதில் 15 முதல் 35 சதவீதம்வரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். கீரை, பருப்பில் உள்ள இரும்பில் பல சமயம் 10 சதவீதம்கூடச் சேராது. இன்னொரு நன்மையும் உண்டு. இறைச்சியோடு சேர்த்துச் சாப்பிடும்போது அந்தக் கீரையின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. எனவே ஒரே சட்டியில் ச்சிபிங் வில்லையும் கீரையும் சேர்ந்து வருவது நல்ல ஏற்பாடு. பச்சை மிளகாயோ, பின்னால் ஓர் ஆரஞ்சோ சேர்த்தால் வைட்டமின் சி இன்னும் கைகொடுக்கும்.

சாவ்ஷான் மக்கள் சாப்பாட்டை ஒட்டியே கடுமையான கோங்ஃபூ தேநீர் குடிப்பார்கள். தேநீரின் துவர்ப்பு, காய்கறி இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நீங்கள் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். துத்தநாகமும் 100 கிராமில் 4 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, பி12 ஒரு நாள் தேவையான 2.4 மைக்ரோகிராமை நெருங்கும். இரத்தசோகைக்கான காரணத்தை மட்டும் மருத்துவரிடம் கண்டறிந்துகொள்ளுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வகை கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிட்டு இறைச்சியை மட்டும் நம்பாதீர்கள்.

குறிஞ்சிக்காற்று எழுதியது:

எல்லாரும் சத்தைப் பேசுகிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-லேயே சிவப்பு இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டதே. அதை ஏன் யாரும் சொல்லவில்லை? இறைச்சியைத் தட்டுத் தட்டாகத் தின்னச் சொல்லும் ஓர் உணவை நல்லது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

செந்தழல் (செங்டு) எழுதியது:

அந்தப் பட்டியலை முழுதாகச் சொல்வோம். சிவப்பு இறைச்சி "அநேகமாக உண்டாக்கக்கூடியது" என்னும் 2ஏ பிரிவில் இருக்கிறது. உறுதியான ஆதாரம் உள்ள முதல் பிரிவில் இருப்பது ஹாம், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி. பட்டியல் ஆதாரத்தின் உறுதியைச் சொல்கிறது, ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. ஹாட்பாட் மேசையில் டின் இறைச்சித் துண்டங்கள் வருகின்றனவே, முதலில் ஒதுக்க வேண்டியது அவற்றைத்தான். பச்சை மாட்டிறைச்சி வில்லையை அதோடு ஒரே தராசில் வைக்க முடியாது.

அதே முகமை 2016-இல் 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களையும் 2ஏ பிரிவில் சேர்த்தது, உணவுக்குழாய்ப் புற்றுநோய் காரணமாக. அதை ஹாட்பாட்டுக்கு நான் மிகவும் பொருத்திப் பார்க்கிறேன். சட்டியிலிருந்து நேராக வாய்க்குக் கொண்டுபோகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கிண்ணத்தில் வைத்து ஊதி ஆற்றிச் சாப்பிடுவதற்கு ஒரு காசு செலவில்லை.

மருதநிலா (சிங்கப்பூர்) எழுதியது:

குறிஞ்சிக்காற்று கேட்டது நியாயமான கேள்வி, அளவைப் பற்றிய கேள்வி. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியத்தின் பரிந்துரை, சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் சிவப்பு இறைச்சிக்கு மேல் வேண்டாம் என்பது. சீன வழிகாட்டி, மீன், முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்தே நாளுக்கு 120 முதல் 200 கிராம் என்கிறது. ஹாட்பாட் மேசையில் இந்த அளவு யாருக்கும் தெரியாமல் தாண்டிப்போகும். வில்லை மெல்லியது, தட்டு அகலமானது, பேச்சு நீள்கிறது. ஒருவர் 300 கிராம் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார். சட்டி குற்றவாளி அன்று, அடுத்தடுத்து வரும் தட்டுகள்தான். ஒருவருக்கு ஒரு தட்டு இறைச்சி, இரண்டு தட்டு காய் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாரத்தின் மற்ற நாள்களில் மீனும் பருப்பும் இருக்கட்டும்.

உப்புக்கல் எழுதியது:

பச்சை இறைச்சி, பத்து விநாடி. புழு வராதா? மாட்டிறைச்சியில் நாடாப்புழு உண்டு என்று படித்திருக்கிறேன். மாட்டிறைச்சி உருண்டைகளையும் சொல்லுங்கள், பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.

மருதநிலா (சிங்கப்பூர்) எழுதியது:

மாட்டு நாடாப்புழு உண்மைதான். இறைச்சியைப் பல நாள் ஆழ்உறைவில் வைத்தால் அதன் இளம்புழுப் பைகள் அழியும். சாவ்ஷான் இறைச்சி உறையவைக்கப்படாததால் அந்தக் காப்பு இங்கே இல்லை. எனவே கால்நடை ஆய்வு முடிந்த இறைச்சி விற்கும் கடையாக இருக்க வேண்டும், சிவப்பு முழுதும் மறையும்வரை வேக வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் வில்லை நன்கு சூடான சூப்பில் விரைவில் வெந்துவிடும். தட்டையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டினால் சூப்பின் சூடு சட்டென்று இறங்கி, நடுவில் வேகாமல் நிற்கும். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு துண்டுகூடச் சாப்பிட வேண்டாம்.

பச்சை இறைச்சியைப் போடும் சாப்ஸ்டிக் வேறு, வாயில் வைக்கும் சாப்ஸ்டிக் வேறு. இந்த ஒன்றைக் கவனிக்காததாலும் வயிற்றுப்போக்கு வரலாம்.

உருண்டையில், பின்னங்கால் இறைச்சியை இரும்புத் தடியால் அடித்துக் களியாக்கி, உப்புச் சேர்த்துப் பிடிக்கிறார்கள். அந்த அடியில்தான் துள்ளும் தன்மை வருகிறது. கடையில் அன்றைக்குச் செய்தது நல்ல புரதம். உறைபனிப் பெட்டியில் விற்பதில் மாவும் கொழுப்பும் எவ்வளவு என்பதை உறையின் பின்பக்கம் பாருங்கள். இரண்டிலும் உப்பு உண்டு. அரைத்த இறைச்சி என்பதால் உள்ளேவரை வேக வேண்டும், மிதந்த பிறகும் சில நிமிடம் விடுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது நான்காக வெட்டிக் கொடுங்கள். முழு உருண்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கார்முகில் (குவாங்ஜோ) எழுதியது:

அடுத்த வாரம் ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வருகிறார்கள். மாமாவுக்கு இரத்த அழுத்தம், அத்தைக்குச் சர்க்கரை. சாவ்ஷான் கடைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று ஆசை. எப்படி ஆர்டர் செய்வது?

மருதநிலா (சிங்கப்பூர்) எழுதியது:

தாராளமாக அழைத்துப்போங்கள். சூப் தெளிந்ததாகவே இருக்கட்டும், கூடுதல் உப்பு போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாமா முதல் கிண்ணத்தில் கொஞ்சம் குடிக்கலாம், அதோடு சரி. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது, நாள் முழுவதற்கும் 5 கிராம்தான் அளவு. அவருக்குச் சாஸ் கிண்ணத்தையே வைக்காமல், நறுக்கிய பூண்டு, பச்சை மிளகாய், செலரித் தண்டு, கொஞ்சம் வினிகர், ஒரு சின்னக் கரண்டி சாச்சா என்று நீங்களே கலந்து கொடுங்கள்.

அத்தைக்கு இறைச்சியால் சர்க்கரை ஏறாது. சோளத் துண்டு, தாமரைத் தண்டு, உருளைக்கிழங்கு, குவெய்தியாவ் இவைதான் ஏற்றும். இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உடல் சூட்டைத் தணிக்கும் என்று சிவப்பு டின்னில் தரும் மூலிகைத் தேநீர் சர்க்கரைப் பானம்தான். வெந்நீரோ சர்க்கரையில்லாத சாமந்திப்பூத் தேநீரோ கேளுங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால் சாப்பாடு இழுத்துக்கொண்டே போகும் என்பதை மனதில் வைத்து, தட்டுகள் மேசைக்கு வந்தபின் போடச் சொல்லுங்கள்.

நான்கு பேருக்கு ச்சிபிங் ஒன்று, வூஹுவாஜி ஒன்று, தியாவ்லோங் ஒன்று போதும். நெஞ்சுக் கொழுப்பை ருசி பார்க்க வேண்டுமென்றால் பாதித் தட்டு கேளுங்கள், பல கடைகளில் தருவார்கள். முள்ளங்கி, கீரை, காளான், டோஃபு தாராளமாக. பாகற்காய் இருந்தால் அதையும் சொல்லுங்கள், மாமாவுக்குப் பிடிக்கும்.